தெரிந்தவர் இல்லையா? நூலகம் இருக்கிறது!

பரீட்சை முடிந்ததும் நம் பிள்ளைகள் மறந்துவிடும் ஒரு வாசல் உண்டு. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து நடந்தோ, எல்.ஆர்.டி. ஏறியோ எட்டிவிடக்கூடிய நூலகங்களில் வேலை தேடுவோருக்கு என்னென்ன கிடைக்கும்? ஒரு முழுப் பார்வை.

ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் கடைகள் திறக்கும் நேரத்தில் நடந்து போனால், துணிக்கடைக் கண்ணாடியிலும் உணவகத் தூணிலும் ஒட்டியிருக்கும் காகிதங்கள் கண்ணில் படும். ‘ஜாவாத்தான் கோசோங்’ என்று மலாயில், ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று தமிழில், கீழே ஒரு கைப்பேசி எண். விற்பனையாளர், காசாளர், கிடங்கு உதவியாளர், சமையலர். இந்தக் காகிதங்களை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கின்றன. அந்த வேலைகளில் எதுவும் இழிவானதில்லை. ஆனால் கணக்கியலில் டிப்ளோமா வாங்கிய பெண் ஆண்டுக்கணக்கில் சேலை மடித்துக்கொண்டிருந்தால், மின்னியல் படித்த பையன் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு உணவு விநியோக மோட்டார் சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தால், நட்டம் அந்தப் பிள்ளையோடு நிற்பதில்லை. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் எடுத்துப் படிக்கவைத்த குடும்பத்தையும் அது சேர்த்து இழுக்கிறது.

இது ஏதோ ஓரிருவரின் நிலை இல்லை. 2024-ல் நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 விழுக்காடு. கேட்பதற்குச் சிறிய எண். 15 முதல் 24 வயது வரையிலானவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 10 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. உயர்கல்வி பெற்று வேலையில் இருப்பவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தங்கள் படிப்புக்குக் குறைந்த வேலையையே செய்கிறார்கள் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை தொடர்ந்து சொல்லிவருகிறது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி. 2023-ல் நாட்டின் இடைநிலைச் சம்பளம் 2,602 வெள்ளி. நடுவில் கிடக்கும் ஏறத்தாழ 900 வெள்ளியில் ஒரு குடும்பம் வீட்டு வாடகை கட்டிவிடும்.

அந்த இடைவெளியைத் தாண்ட என்ன வேண்டும்? தகுதி வேண்டும், முயற்சி வேண்டும். இந்த இரண்டும் உள்ள பிள்ளைகள் நம்மிடம் நிறையவே இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கிடைக்காமல் போவது தகவல். எந்தத் துறை வளர்கிறது, எந்த நிறுவனம் ஆள் எடுக்கப்போகிறது, அந்த வேலைக்கு என்ன சம்பளம் கேட்கலாம், நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று சொல்ல வீட்டிலும் ஆள் இல்லை, தெருவிலும் ஆள் இல்லை. வேலை தேடுவதை விண்ணப்பம் அனுப்பும் காரியமாகவே நாம் பார்த்துவந்திருக்கிறோம். உண்மையில் அது முக்கால்வாசி ஆராய்ச்சி. ஆராய்ச்சிக்கென்றே கட்டப்பட்ட இடம் நூலகம்; அதிலும் கல்லூரி, பல்கலைக்கழக நூலகம்.

கங்காணி காலம் முதல்

மலாயாவுக்கு வந்த தமிழர்களுக்கு வேலை ஒரு மனிதர் வழியாகவே வந்தது. தோட்டத்துக்குக் கங்காணி. அவர் தம் ஊருக்குத் திரும்பிப் போய், உறவுக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் கப்பலேற்றி அழைத்து வருவார். ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குத் தலைக்காசு உண்டு. ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938-ல் இந்திய அரசின் தடையோடு முடிந்தது. கிள்ளான் ஆற்றைக் கடந்தால் வரும் லெபோ அம்பாங்கில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில், செட்டிநாட்டிலிருந்து வந்த சிறுவர்கள் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தார்கள். அங்கும் ஊரும் உறவும்தான் வாசல். ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர்கள் ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் அமர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸில் குடியேறினார்கள். அண்ணன் தம்பிக்குச் சொன்னார், மாமன் மருமகனுக்குச் சொன்னார்.

அந்த ஏற்பாடு அந்தக் காலத்துக்குக் கைகொடுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது அது ஆட்டம் கண்டது. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பில் தோட்டங்களை வாங்கினார். பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போயின. மக்கள் கிள்ளான், ஷா ஆலாம், பூச்சோங், செந்தூல் என்று அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். தோட்டத்து வேலைகளை அறிந்திருந்த பெரியவர்களுக்கு, மென்பொருள் நிறுவனத்தையோ காப்பீட்டு நிறுவனத்தையோ பற்றிப் பிள்ளைக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. குற்றம் அவர்களுடையதில்லை. அவர்களுடைய உலகமே காலடியிலிருந்து உருவப்பட்டது.

இன்று கங்காணியின் இடத்தில் புலனக் குழுக்கள் இருக்கின்றன. ‘அங்கே ஆள் எடுக்கிறார்களாம்’ என்று ஒரு செய்தி வரும். நூறு பேர் ஒரே ரெசுமேயை ஒரே எண்ணுக்கு அனுப்புவார்கள். ‘கேபிள் (செல்வாக்குள்ளவரின் அறிமுகம்) இருந்தால்தான் வேலை’ என்று இளைஞர்கள் சலித்துக்கொள்வதும் வெறும் புலம்பல் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத்தான் ஆராய்ந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டன் நகரில், அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: அந்த அறிமுகமானவரை எத்தனை முறை சந்திப்பீர்கள்? அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள் ஆறில் ஒருவர்தான். பெரும்பாலோருக்கு வழிகாட்டியது எப்போதாவது சந்திக்கும் மனிதர். காரணம் எளிது. நம் வீட்டாருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் நமக்குத் தெரிந்ததே தெரியும். புதிய செய்தி வெளியிலிருந்துதான் வரும்.

வெளியாரை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வாய்ப்பே இல்லாத குடும்பத்துப் பிள்ளை என்ன செய்யும்? சாதி, ஊர், கட்சி, அப்பாவின் பெயர் எதையும் கேட்காமல் அந்த வெளிச் செய்தியைக் கையில் கொடுக்கும் பொது இடம் ஒன்று வேண்டும். நூலகத்துக்கு நான் இவ்வளவு வாதாடுவது இந்த ஒரு காரணத்துக்காகவே.

பழைய உறவு

நூலகத்துக்கும் வேலை தேடலுக்கும் உள்ள தொடர்பு நேற்று முளைத்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டிஷ் நகரங்களின் இலவச நூலகங்கள் அன்றைய நாளிதழ்களின் வேலை விளம்பரப் பகுதியை விடியற்காலையில் தனியாக ஒட்டிவைத்தன. பத்திரிகை வாங்கக் காசில்லாதவர்கள் அங்கே கூடினார்கள். பருத்தி ஆலையில் நூற்கண்டு மாற்றும் சிறுவனாகவும் தந்தி கொண்டுபோகும் பையனாகவும் இருந்த ஆண்ட்ரூ கார்னகிக்கு, கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் தொழிலாளிச் சிறுவர்களுக்காகத் திறந்துவிட்ட சொந்தப் புத்தகங்கள்தான் அடுத்த படிக்கட்டு. பின்னாளில் எஃகுத் தொழிலில் பெருஞ்செல்வரான அவர், உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த அமெரிக்கர்கள் நூலகங்களை நிறைத்தார்கள். நியூயார்க் பொது நூலகம் 1996-ல் அறிவியல், தொழில், வணிகத்துக்கென்றே தனி நூலகம் திறந்தது. வேலை தேடுவோருக்கு உதவுவதும் அதன் பணிகளில் ஒன்றாக இருந்தது.

இந்த எண்ணத்துக்கு இலக்கணம் எழுதியவர் ஒரு தமிழர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-ல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகள் இன்று உலகம் முழுவதும் பாடம். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும், நூலகம் வளரும் உயிர். வேலை இல்லாமல் நாளைக் கடத்தும் ஒருவருக்கு நான்காம் விதியின் அருமை நன்றாகப் புரியும். மூன்று வாரம் இணையத்தில் துழாவிக் கிடைக்காததை நல்ல நூலகர் ஒருவர் அரை மணியில் எடுத்துத் தந்துவிடுவார்.

எங்கே போவது?

மஸ்ஜித் ஜாமெக் எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து கோம்பாக் ஆற்றைக் கடந்து நடந்தால் மெர்டேகா சதுக்கம் வரும். அதன் ஓரத்தில் ஜாலான் ராஜாவில் இருக்கிறது மாநகராட்சி மன்றத்தின் கோலாலம்பூர் நூலகம். யுனெஸ்கோ 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக அறிவித்த நகரத்தின் பொது நூலகம் இது. மஸ்ஜித் இந்தியாவில் வேலை செய்பவர்கள் மதிய ஓய்விலேயே போய் எட்டிப்பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்தது தேசிய நூலகம். ஜாலான் துன் ரசாக்கில் இஸ்தானா பூடாயாவுக்கு அருகே, மலாய்த் தலைப்பாகையான தெங்கோலோக்கின் வடிவில் கூரையிட்ட கட்டடம். 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நூல்களும் இதழ்களும் அரசாங்க அறிக்கைகளும் இங்கே வந்து சேர வேண்டும். அதனால் வெளியே தேடிக் கிடைக்காத துறைசார் அறிக்கைகளை இங்கே கேட்டுப் பார்க்கலாம். ஷா ஆலாமில் சிலாங்கூர் மாநிலத்தின் ராஜா துன் உடா நூலகம் கிள்ளான் மக்களுக்குப் பக்கம்.

பல்கலைக்கழக நூலகங்களுக்கு வருவோம். மஸ்ஜித் ஜாமெக்கில் கிளானா ஜெயா தடத்தில் ஏறினால், மாறாமலே யுனிவர்சிட்டி நிலையத்தில் இறங்கி மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். தமிழர்களுக்கு அந்த வளாகத்தில் உரிமையோடு நுழையும் வரலாறு இருக்கிறது. 1956-ல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய பல்கலைக்கழகம் அது; அதன் தலைவராயிருந்த தனிநாயகம் அடிகளின் முயற்சியில் 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். கொமுட்டர் ரயிலில் போனால் பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் துன் ஸ்ரீ லானாங் நூலகம். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் சுல்தான் அப்துல் சமாட் நூலகம். ஷா ஆலாமில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துன் அப்துல் ரசாக் நூலகம்.

படிக்கும் மாணவருக்கு இவற்றின் கதவு திறந்தே இருக்கிறது. படிப்பு முடிந்தவருக்கும் வெளியாருக்கும் பழைய மாணவர் உறுப்பியம், வெளியார் உறுப்பியம், ஒரு நாள் அனுமதி என்று வெவ்வேறு ஏற்பாடுகள் உண்டு. கட்டணமும் நிபந்தனையும் இடத்துக்கு இடம் மாறும். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். அடையாள அட்டையையும் பட்டச் சான்றிதழ் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கடைசிப் பருவத்திலேயே தொடங்குங்கள். கட்டணத் தரவுத்தளங்களுக்கு மாணவர் கணக்கு திறக்கும் கதவுகள் பட்டமளிப்புக்குப் பிறகு பெரும்பாலும் மூடிவிடும்.

அலமாரியில் என்ன இருக்கிறது?

பொது நூலகங்களில் புழங்கும் டூவி வகைப்பாட்டில் வேலை தேடும் கலைக்கு எண் 650.14. ரெசுமே எழுதுவது, நேர்காணலுக்குத் தயாராவது, சம்பளம் பேசுவது எல்லாம் அங்கே. தொழில்களைப் பற்றிய நூல்கள் 331.7-ல். கணக்கியலுக்கு 657, மேலாண்மைக்கு 658, கணினி நிரலாக்கத்துக்கு 005, ஆங்கிலப் பயன்பாட்டுக்கு 428. பல்கலைக்கழகங்களில் பெரிதும் வழங்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாட்டில் எச்.எஃப். 5381 முதல் 5386 வரையுள்ள அலமாரிதான் வேலைவாய்ப்புக்குரியது. இந்த எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு போனால் யாரையும் கேட்கக் கூச்சப்படும் பிள்ளையும் நேராக அலமாரி முன்னால் போய் நிற்கலாம்.

ஆனால் நூலகத்தின் பெரிய பலன் நிறுவனங்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. கிள்ளானைச் சேர்ந்த பட்டதாரி ஒருவர் வெஸ்ட்போர்ட்ஸ் துறைமுக நிறுவனத்தில் தளவாடத் துறை வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புலாவ் இண்டாவில் இருக்கும் அந்த நிறுவனம் 2013 முதல் பூர்சா மலேசியா பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருக்கிறது. பட்டியலிடப்பட்ட ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டறிக்கை வெளியிட வேண்டும். பூர்சா தளத்தில் அதைக் காசில்லாமல் படிக்கலாம். நூலகத்து மேசையில் அதை விரித்துவைத்து ஒரு பிற்பகல் படித்தால், அந்தத் துறைமுகம் 2023-ல் 1 கோடிக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டக அலகுகளைக் கையாண்டதும், தன் கொள்ளளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கும் விரிவாக்கத்தில் இறங்கியிருப்பதும் தெரியவரும். நிறுவனம் எதை ஆபத்தாகக் கருதுகிறது, ஊழியர் பயிற்சிக்கு என்ன செய்கிறது என்பனவும் அதே அறிக்கையில் இருக்கும். பிறகு 658-ஆம் அலமாரியில் விநியோகச் சங்கிலி பற்றிய ஒரு நூல். பன்னாட்டு வணிக விதிமுறைகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இன் பதினொரு விதிகள். இவ்வளவையும் படித்தவர் நேர்காணலில் ‘எங்களைப் பற்றி என்ன தெரியும்?’ என்ற கேள்விக்கு விழிக்க மாட்டார். ‘விரிவாக்கத்தில் எந்தப் பிரிவுக்கு முதலில் ஆள் தேவைப்படும்?’ என்று எதிர்க்கேள்வியே கேட்பார்.

இதே வழி மற்றத் துறைகளுக்கும் பொருந்தும். உணவுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் போகிறவர் ஹலால் உணவுக்கான எம்.எஸ். 1500 தர ஆவணத்தையும் உணவுப் பாதுகாப்புக்கான எச்.ஏ.சி.சி.பி. முறையையும் படித்திருக்க வேண்டும். தர ஆவணங்கள் விலைக்கு விற்கப்படுபவை. அவற்றைச் சந்தா கட்டி வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். பொறியியல் மாணவருக்கு ஐ டிரிப்ள் ஈ, மேலாண்மை மாணவருக்கு எமரால்டு, எல்லாருக்கும் எப்ஸ்கோ, புரோகுவெஸ்ட் என்று தனி ஒருவரால் கட்ட முடியாத சந்தாக்களை நூலகம் கட்டுகிறது.

சம்பளம் பேசும் இடத்தில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ‘நீங்கள் தருவதைத் தாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வந்து ஆண்டுக்கணக்கில் வருந்துகிறார்கள். புள்ளிவிவரத் துறையின் சம்பள அறிக்கை துறைவாரியாக, மாநிலவாரியாக எண்களைத் தருகிறது. உயர்கல்வி அமைச்சின் பட்டதாரிகள் கண்காணிப்பு ஆய்வு, எந்தப் படிப்பு முடித்தவர்கள் எவ்வளவு பேர் வேலையில் இருக்கிறார்கள், என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்று சொல்கிறது. அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப் வெளியிடும் முக்கியத் தொழில்கள் பட்டியல் எந்த வேலைகளுக்கு ஆள் தட்டுப்பாடு என்று காட்டுகிறது. மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தவர் ஒரு தொகையைச் சொல்லி, அதற்குக் காரணமும் சொல்ல முடியும்.

வேலை கிடைத்த பிறகும் நூலகத்தில் ஒரு காரியம் மீதி இருக்கிறது. ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் 1955-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்தின் உச்சம் 45 மணி, மகப்பேற்று விடுப்பு 98 நாள், தந்தையர் விடுப்பு 7 நாள். கடிதத்தில் வேறு எண் இருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நூலகரிடம் பேசுங்கள்

இவ்வளவையும் தனியாகத் தேடத் தேவையில்லை. ஆதார நூல் பிரிவில் அமர்ந்திருக்கும் நூலகரின் தொழிலே கேள்விக்கு வழிகாட்டுவது. நம் பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் இருக்கிறது: ‘இதையெல்லாம் கேட்டால் என்ன நினைப்பார்களோ?’ தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கேள்வி கூர்மையாக இருக்க வேண்டும். ‘வேலை பற்றிப் புத்தகம் இருக்கிறதா?’ என்று கேட்டால் ஓர் அலமாரியைக் காட்டுவார். ‘சிலாங்கூரில் மருத்துவக் கருவி தயாரிக்கும் நிறுவனங்களின் பட்டியல் எந்தத் தரவுத்தளத்தில் கிடைக்கும்?’ என்று கேட்டால் உங்களோடு உட்கார்ந்து தேடுவார். பெரும்பாலான பல்கலைக்கழக நூலகங்கள் தரவுத்தளத் தேடலுக்கும் மென்பொருள்களுக்கும் பயிற்சி வகுப்புகளும் நடத்துகின்றன. குழு விவாத அறைகளை முன்பதிவு செய்து நாலு நண்பர்கள் சேர்ந்து மாதிரி நேர்காணல் நடத்தலாம்.

வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு நூலகம் தரும் இன்னொன்றும் முக்கியம். மூன்றறை அடுக்குமாடி வீட்டில் தம்பி தங்கைகள், தொலைக்காட்சி, ‘இன்னும் வேலை கிடைக்கவில்லையா?’ என்று கேட்கும் விருந்தினர். இவற்றுக்கு நடுவில் ஒரு விண்ணப்பக் கடிதத்தைக் கவனமாக எழுதுவது கடினம். மேசை, நாற்காலி, குளிரூட்டி, இணையம், அமைதி. வேலை இல்லாதவருக்கும் காலையில் குளித்துக் கிளம்பிப் போக ஓர் இடம். மனம் உடைந்துபோகாமல் காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

வயது முதிர்ந்து வேலையிழந்தவர்களும் இதில் அடக்கம். 2018 முதல் நடப்பிலிருக்கும் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டத்தில், சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ வேலை தேடும் காலத்துக்கு மாத உதவித்தொகை தருகிறது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் பதிந்துகொள்வதையும் ரெசுமே புதுப்பிப்பதையும் நூலகக் கணினியிலேயே செய்துவிடலாம். பார்வையற்றோருக்கும் வழி உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரெய்ல் நூல்களும் தொழிற்பயிற்சியும் வழங்கிவருகிறது. பார்வையற்றவர் என்றால் உடம்புபிடிக்கும் வேலைதான் என்ற எண்ணத்தைத் தகர்க்கும் வேலை அங்கிருந்து தொடங்குகிறது.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு பாடம்

தமிழ்நாட்டில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் ‘தன்னார்வப் பயிலும் வட்டம்’ என்று ஒன்று இயங்குகிறது. போட்டித் தேர்வு நூல்கள் அங்கேயே இருக்கும்; இலவச வகுப்புகள் நடக்கும்; ஒரே தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பார்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவே தனிக்கூடம் உண்டு. அரசுப் பணித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் வெளியூர்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கி அங்கே படிக்கிறார்கள். 2023 ஜூலையில் மதுரையிலும் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்துவிட்டது. அங்கே நூலகமும் வேலையும் ஒரே மூச்சில் பேசப்படுகின்றன.

இங்கே பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வுகளுக்கு நம்மவர்கள் போதுமான அளவில் விண்ணப்பிப்பதில்லை என்ற குறையைத் தலைவர்கள் மேடைதோறும் சொல்கிறார்கள். விண்ணப்பித்தவர்கள் கூடிப் படிக்க இடம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. தேர்வுக்கு வேண்டிய அடிப்படை நூல்கள் எல்லாம் நூலகத்தில் இருக்கின்றன: கூட்டரசு அரசியலமைப்பு, 1970-ல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் விளக்கங்கள், மலேசியத் திட்ட ஆவணங்கள், பொருளாதார அறிக்கைகள், மலாய்க் கட்டுரைப் பயிற்சி நூல்கள். வாரம் ஒரு நாள் பத்துப் பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைக்கும் ஏற்பாடு மட்டும்தான் மீதி. 1982-ல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் பள்ளி மாணவர்களுக்கு அதைச் செய்துகாட்டியிருக்கிறது. படிப்பு முடித்தவர்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

ஏமாறாமல் இருக்க

கம்போடியாவிலும் மியன்மாரிலும் நல்ல சம்பளம் என்று நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய செய்திகளை 2022 முதல் படித்துவருகிறோம். பசித்தவனிடம்தான் பொய் எளிதில் விலைபோகும். ஆராயும் பழக்கம் வந்தவரை ஏமாற்றுவது கடினம். நிறுவனம் பதிவானதா என்று மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவேட்டில் பாருங்கள். வேலைவாய்ப்பு முகவர் என்று சொல்பவருக்கு 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி உரிமம் உண்டா என்று கேளுங்கள். வேலைக்கு முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

ஒரு வாரத் திட்டம்

• திங்கள்: அருகிலுள்ள நூலகத்தில் உறுப்பினராகுங்கள். பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுமதி விவரம் கேளுங்கள்.

• செவ்வாய்: 650.14 அலமாரியில் ஒரு நூலைத் தேர்ந்து ரெசுமேயைத் திருத்துங்கள். இரண்டு பக்கம் போதும்.

• புதன்: முக்கியத் தொழில்கள் பட்டியலையும் பட்டதாரிகள் ஆய்வையும் பார்த்து மூன்று துறைகளைக் குறியுங்கள்.

• வியாழன்: அந்தத் துறைகளில் பத்து நிறுவனங்களின் பெயரை எழுதுங்கள். ஐந்தின் ஆண்டறிக்கையைப் படியுங்கள்.

• வெள்ளி: நிறுவனத்துக்கு ஏற்ப மாற்றி எழுதிய மூன்று விண்ணப்பங்களை அனுப்புங்கள்.

• சனி: நண்பர்களோடு மாதிரி நேர்காணல். மலாய், ஆங்கிலம் இரண்டிலும்.

• ஞாயிறு: ஓய்வு. தோட்டத்துப் பெரியவர்களையும் பழைய ஆசிரியரையும் பார்த்துப் பேசுங்கள். செய்தி எங்கிருந்தும் வரலாம்.

நாம் செய்ய வேண்டியது

பிள்ளைகளைக் குறை சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. மஸ்ஜித் இந்தியாவின் வணிகர்கள் நூற்றாண்டுக்கு மேலாக இந்தச் சமூகத்துக்குக் கொடுத்து வந்தவர்கள்; 1863-ல் அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த பள்ளிவாசலை எழுப்பியதும் இந்திய முஸ்லிம் வணிகர்களே. கடையில் வேலை செய்யும் பட்டதாரிக்கு வாரம் அரை நாள் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து நூலகத்துக்கு அனுப்பலாம். அவர் நாளை வேறு வேலைக்குப் போய்விடுவார் என்று அஞ்ச வேண்டாம். நல்ல சம்பளம் வாங்கும் அதே பிள்ளை உங்கள் கடைக்கு வாடிக்கையாளராக வருவார்.

ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் தங்கள் மண்டபத்தில் வாரம் ஒரு மாலை பயிலும் வட்டத்துக்கு ஒதுக்கலாம். திருவிழாச் செலவில் மிகச் சிறிய பகுதி அதற்குப் போதும். பல்கலைக்கழகங்களில் இருக்கும் நம் தமிழ் மாணவர் அமைப்புகள் கலை இரவுகளை எவ்வளவு அழகாக நடத்துகின்றன! அதே உழைப்பில் மாதம் ஒரு முறை, வெளியிலிருக்கும் இருபது இளைஞர்களை வளாகத்துக்கு அழைத்துவந்து நூலகத்தைச் சுற்றிக்காட்டலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவர் இருவருக்குத் துணையாக நிற்கலாம். பல்கலைக்கழக நிர்வாகங்கள் பட்டம் பெற்ற பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குத் தரவுத்தளக் கணக்கை மூடாமல் வைத்திருக்க வேண்டும். வேலை தேடும் காலத்தில்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. வரிப்பணத்தில் கட்டிய நூலகம் வரி கட்டப்போகும் பிள்ளைக்கு உதவட்டும்.

பெற்றோரே, ‘வேலை கிடைத்ததா?’ என்று கேட்பதைச் சில நாள் ஒத்திவையுங்கள். ‘எந்த நிறுவனத்தைப் பற்றிப் படித்தாய்? அது என்ன செய்கிறது?’ என்று கேளுங்கள். பிள்ளை விளக்கிச் சொல்லட்டும், நீங்கள் குறுக்கே கேள்வி போடுங்கள். நேர்காணல் அறையில் அவர் தடுமாறாமல் பேசுவதற்கான முதல் பயிற்சி உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே நடந்துவிடும்.